அம்மா கை எட்டும் உயரம்: அடுப்படி ஷெல்ஃபை எங்கே, எப்படி மாட்டுவது?

போன ஐப்பசியில ஒரு விடியக்காலை, நாலே முக்கால் மணி இருக்கும். ஆலங்குடி பக்கத்துல இருக்கிற எங்க வீட்டு அடுப்படியில ‘டமார்’னு ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டுப் பார்த்தா, மூணு நாளைக்கு முன்னாடி நான் என் கையாலயே மாட்டின ஷெல்ஃப் சமையல் மேடை மேல கவுந்து கிடக்கு. தரை முழுக்கத் துவரம்பருப்பு. ரெண்டு ஊறுகாய் ஜாடி உடைஞ்சு, எண்ணெய் ஓடிக்கிட்டு இருக்கு. அம்மா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பால் காய்ச்ச அந்த இடத்துலதான் நிப்பாங்க. கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

அம்மா திட்டல. “விடு தம்பி, யார் தலையிலயும் விழல”ன்னு சொல்லிட்டு விளக்கமாறை எடுத்துக்கிட்டாங்க. திட்டியிருந்தா கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

நான் படிச்சது இன்ஜினியரிங். பார்க்கிற வேலை சாஃப்ட்வேர். நெம்புகோல், விசை எல்லாம் முதல் வருஷத்துலயே படிச்சு பாஸ் பண்ணியாச்சு. ஆனா ஒரு ஷெல்ஃப் மாட்டத் தெரியல. அது ஏன் விழுந்துச்சு, ரெண்டாவது தடவை என்ன பண்ணோம்ங்கிறதுதான் இந்த எபிசோடு.

முதல்லயே சுருக்கமா சொல்லிடறேன். அடுப்படி ஷெல்ஃபுக்குத் திட்டம் போடும்போது ரெண்டு பேரைக் கேக்கணும். ஒண்ணு, அங்க நின்னு சமைக்கிற ஆள். இன்னொண்ணு, பின்னாடி நிக்கிற சுவர். நான் ரெண்டு பேரையும் கேக்கல. போன்ல பார்த்த ஒரு போட்டோவை மட்டும்தான் கேட்டேன்.

யாருக்கு, எதுக்கு?

போட்டோவுல இருந்த அடுப்படியில ஆறு கண்ணாடி பாட்டிலும் ஒரு செடியும் இருந்துச்சு. எங்க அம்மா அடுப்படியில இருக்கிறது ஒரு சின்ன மளிகைக் கடை. “எதுக்கும்மா இவ்வளவு ஸ்டாக்? போன் பண்ணா கடையில கொண்டுவந்து குடுத்துடுவாங்களே”ன்னு கேட்டேன். “கஜா அன்னைக்கு உன் போன் எங்க போச்சு?”ன்னு திருப்பிக் கேட்டாங்க.

நான் அப்போ ஊர்ல இல்ல. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு, பல ஊர்ல நாள்கணக்குல கரண்ட் இல்ல, போன் டவர் இல்ல. அந்த நாள்கள்ல பக்கத்து மூணு வீட்டுக்கும் சேர்த்து அம்மா சோறாக்கினாங்க. வீட்டுல அரிசியும் பருப்பும் இருந்ததாலதான் அது முடிஞ்சது. அதனால அவங்க ஸ்டாக்கைக் குறைக்கச் சொல்றது என் வேலை இல்ல. அதுக்குச் சரியான இடம் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை.

ஷெல்ஃப் விழுந்த பிறகு முதல்ல ஒரு பேப்பரைக் குளிர்சாதனப் பெட்டி மேல ஒட்டினேன். அம்மா எந்த டப்பாவை எடுத்தாலும் அது பேருக்கு நேரா ஒரு கோடு. மூணு நாள். டீத்தூள், சீனி, உப்பு, அஞ்சறைப் பெட்டி, எண்ணெய் எல்லாத்துக்கும் கோடு குவிஞ்சுது. உளுந்துக்கு மூணு நாள்ல ஒரே கோடு. வெண்கலப் பானைக்கு ஒண்ணுமே இல்ல. அது பொங்கலுக்குத்தான் கீழ இறங்கும்.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். பிராசஸருக்கு அடிக்கடி தேவைப்படுற டேட்டா கேஷ்ல இருக்கும், எப்பவாவது தேவைப்படுறது டிஸ்க்ல கிடக்கும். கேஷ் சின்னது, ஆனா பக்கத்துல இருக்கும். அஞ்சறைப் பெட்டியும் அதேதான்: கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் ஒவ்வொரு கைப்பிடி, ஒரே மூடிக்குள்ள, அடுப்புப் பக்கத்துலயே. நம்ம பாட்டிமாருக்குத் தெரிஞ்ச டிசைன் அது. மொத்த அடுப்படியையும் அந்தக் கணக்குலயே பிரிச்சோம்:

தினமும் எடுக்கிறது: இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல.
வாரம் ஒண்ணு ரெண்டு தடவை எடுக்கிறது: அதுக்கு மேல் தட்டு, கை எட்டுற வரைக்கும் மட்டும்.
கனமானது, அது எதுவா இருந்தாலும்: மேடைக்குக் கீழ.
வருஷத்துக்கு ரெண்டு தடவை: பரண்.

இதுல ஒரு சிக்கல். அரிசி தினமும் வேணும், ஆனா சிப்பம் 25 கிலோ. அம்மாவுக்கு முழங்கால் வலி, தினமும் குனிய முடியாது. கேஷ்ல என்ன பண்ணுவோமோ அதையேதான் பண்ணோம்: சிப்பம் கீழ, சக்கரம் வச்ச பலகை மேல. அஞ்சு கிலோ டப்பா ஒண்ணு இடுப்பு உயரத்துல. ஞாயித்துக்கிழமை அப்பா நிரப்பி வைக்கணும். இது இப்போ அப்பாவோட வேலை.

எவ்வளவு உயரம்?

நான் 5 அடி 10 அங்குலம். அம்மா 4 அடி 11. முதல் ஷெல்ஃபை என் கண்ணுக்கு நேரா மாட்டினேன், தரையிலிருந்து அஞ்சரை அடி. மூணு நாளும் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி இறங்கியிருக்காங்க. என்கிட்ட சொல்லவே இல்ல.

இந்த விஷயத்துல 100 வருஷத்துக்கு முந்தின ஒரு கதை இருக்கு. 1926-ல ஜெர்மனியோட ஃபிராங்ஃபர்ட் நகரத்துல அரசாங்கம் கட்டின குடியிருப்புகளுக்காக மார்கரெட்டெ ஷுட்டெ-லிஹோட்ஸ்கிங்கிற ஆஸ்திரிய கட்டடக் கலைஞர் ஒரு அடுப்படியை வடிவமைச்சாங்க. ரயில் பெட்டியில இருக்கிற சமையலறையைப் பார்த்து, எதை எடுக்க எத்தனை அடி நடக்கணும்னு கணக்குப் போட்டு, ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்துல எல்லாத்தையும் அடக்கினாங்க. சுமார் பத்தாயிரம் வீடுகள்ல அது வந்துச்சு. இன்னைக்கு நாம சொல்ற மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. அரிசி, சர்க்கரை, மாவுன்னு பேர் பொறிச்ச அலுமினிய இழுப்பறைகள் அதுல பிரபலம். ஆனா அந்த இழுப்பறைகள் சின்னப் பிள்ளைங்க கைக்கும் எட்டுச்சுன்னும், ஒரே நேரத்துல ஒருத்தர்தான் உள்ள நிக்க முடியும்னும் பின்னாடி குறை சொன்னாங்க. அதை வடிவமைச்ச வரைக்கும் தானே சமைச்சதில்லைன்னு அவங்களே பிற்காலத்துல சொல்லியிருக்காங்க. கணக்கு அத்தனை கச்சிதம். இருந்தும், அந்த வீட்டுல யார் யார் இருக்காங்கங்கிறதைக் கணக்கு மட்டும் சொல்லிடாது.

அதனால ரெண்டாவது தடவை டேப்புக்கு முன்னாடி சாக்பீஸை எடுத்தேன். அம்மாவை மேடைக்கு முன்னாடி, வழக்கமா நிக்கிற மாதிரியே நிக்கச் சொன்னேன். குதிகாலைத் தூக்கக் கூடாது. வெறுங்கையை நீட்டினா அஞ்சு அடி எட்டு அங்குலம் வரைக்கும் விரல் போகுது. ஆனா கையில ரெண்டு கிலோ டப்பாவைக் குடுத்து, “இதை எந்த உயரத்துல பயமில்லாம வைப்பீங்க?”ன்னு கேட்டா, 61 அங்குலம்தான். மேடை ரெண்டு அடி அகலம். அதைத் தாண்டி எட்டி வைக்கணும் இல்லையா? அங்கேயே ஏழு அங்குலம் போயிடுச்சு. அந்த இடத்துல சாக்பீஸால ஒரு கோடு. இனி எந்தத் தட்டும் அந்தக் கோட்டுக்கு மேல போகாது.

எங்க மேடை 32 அங்குலம். முதல் தட்டு தரையிலிருந்து 49 அங்குலத்துல, அதாவது மேடைக்கு மேல 17. அதுக்குக் கீழ மிக்ஸி வைக்கலாம், நெத்தியும் இடிக்காது. ரெண்டாவது தட்டு 61-ல. ரெண்டுக்கும் நடுவுல 12 அங்குலம். எங்க பெரிய டப்பாவுக்கு மேல கை நுழையுற இடைவெளி அதுல கிடைக்குது. உங்க வீட்டுல இந்த எண்கள் மாறும். மாறணும்.

தட்டோட அகலம் இன்னொரு பாடம். முதல்ல 12 அங்குலம் வச்சேன், நிறைய பிடிக்கும்னு. நடந்தது என்ன? டப்பாவுக்குப் பின்னாடி டப்பா. பின்னாடி இருக்கிறதை எடுக்க முன்னாடி இருக்கிறதை இறக்கணும். இப்போ எட்டு அங்குலம். ஒரே வரிசை. எல்லாமே கண்ணுக்குத் தெரியுது.

அடுப்புக்கு நேர் மேல தட்டே வேண்டாம். எரியுற பர்னருக்கு மேல கையை நீட்டிப் பொருள் எடுக்கிறது ஆபத்து, ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கதான் ஏறும். சிலிண்டரை மேடைக்குக் கீழ கதவு போட்டு அடைக்கிறதா இருந்தா, கதவுல தரையை ஒட்டி ஓட்டை கட்டாயம். எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிஞ்சா கீழதான் தேங்கும். ரெகுலேட்டரை ஒரே கையில மூடுற மாதிரி முன்னாடி இடம் விடுங்க.

எவ்வளவு எடை?

விழுந்த ஷெல்ஃப்ல இருந்ததை எல்லாம் ஒண்ணொண்ணா எடை போட்டேன். அரிசி பத்து கிலோ, துவரம்பருப்பு அஞ்சு, உளுந்து அஞ்சு, சீனி மூணு, அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன், புளி, ரெண்டு ஜாடி, டப்பாக்களோட எடை, பலகையோட எடை. கூட்டினா சுமார் 45 கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பையனைச் சுவத்துல தொங்கவிட்ட மாதிரி.

45 கிலோவைச் செங்கல் சுவர் தாங்காதான்னு கேட்டா, தாங்கும். பிரச்சினை எடை கீழ இழுக்கிறது இல்ல. ஸ்க்ரூவை வெளியே பிடுங்குறதுதான். கடப்பாரையைக் கல்லுக்கு அடியில குடுத்து நெம்புவோம் இல்லையா? எல் பிராக்கெட்டும் அப்படித்தான். அதோட கீழ் முனை சுவரை அழுத்திக்கிட்டு நிக்கும், மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும். கணக்கு சுலபம்: எடையைப் பலகை அகலத்துல பாதியால பெருக்குங்க, பிராக்கெட்டோட கீழ் முனையிலிருந்து மேல் ஸ்க்ரூ வரைக்கும் உள்ள உயரத்தால வகுங்க.

என் பிராக்கெட்டோட ஒரு கை எட்டு அங்குலம், ஒரு கை ஆறு. நீளமான கை பலகையைத் தாங்கட்டும்னு நினைச்சு, குட்டைக் கையைச் சுவத்துல வச்சேன். மேல் ஸ்க்ரூ அஞ்சு அங்குல உயரத்துல. ஆக 45 பெருக்கல் 6 வகுத்தல் 5: 54 கிலோ இழுவை. ரெண்டு பிராக்கெட், ஒவ்வொண்ணுக்கும் 27 கிலோ. அதுவும் எடை பரவலா இருந்தாத்தான். கனமான ஜாடியெல்லாம் முன் விளிம்புல இருந்தா இது ரெண்டு மடங்கு வரைக்கும் போகும்.

இப்போ அதே பிராக்கெட்டைத் திருப்பினோம். நீளக் கை சுவத்துல, மேல் ஸ்க்ரூ ஏழு அங்குலத்துல. பலகை எட்டு அங்குலம், அதுல பாதி நாலு. கனமானதெல்லாம் கீழ போனதால ஒரு தட்டுக்கு எடை 20 கிலோதான். 20 பெருக்கல் 4 வகுத்தல் 7: பதினொன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழ. மூணு பிராக்கெட்டுக்குப் பிரிச்சா ஆளுக்கு நாலு கிலோ. 27 எங்க, நாலு எங்க? இதுல புதுசா வாங்கினது ஒரே ஒரு பிராக்கெட்தான்.

மூணாவது பிராக்கெட் எதுக்குன்னா, பலகை நடுவுல தொய்யாம இருக்க. அடிக்கு இவ்வளவுன்னு ஒரே சீரா எடை வச்சா, தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரம் ரெண்டு மடங்கானா தொய்வு 16 மடங்காகும். பலகை தடிமன் ரெண்டு மடங்கானா தொய்வு எட்டுல ஒரு பங்காக் குறையும். தடிமனான பலகைக்குச் செலவு பண்றதை விட, நடுவுல ஒரு பிராக்கெட் போடுறது மலிவு.

சுவர் என்ன சொல்லுது?

இதுதான் உண்மையான காரணம். ஷெல்ஃபோட ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிமெண்ட் பூச்சும் பேர்ந்து வந்திருந்துச்சு. பிளக் அதுல பத்திரமா இருந்துச்சு. எங்க தெருக் கொத்தனார் அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, “தம்பி, நீ சுவத்துல மாட்டல, பூச்சுல மாட்டியிருக்க”ன்னு சொன்னார்.

அளந்து பார்த்தோம். பழைய செங்கல் சுவர், மேடு பள்ளம் அதிகம், அதனால அந்த இடத்துல பூச்சு மட்டுமே 25 எம்எம். என் ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம், 38 எம்எம். பிராக்கெட் தடிமனையும் கழிச்சா செங்கல்லுக்குள்ள போனது பத்து எம்எம்தான்.

பிளக் வேலை செய்யுறது எப்படின்னா, ஸ்க்ரூ உள்ள போகப் போக அது விரிஞ்சு ஓட்டையோட சுவரை இறுக்கிப் பிடிக்கும். 1958-ல ஜெர்மனியில ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்த நைலான் பிளக்கோட சொந்தக்காரங்கதான் நம்ம ஹார்டுவேர் கடையில கிடைக்கிறதெல்லாம். அதுக்கு முன்னாடி மரக் கட்டையைச் செதுக்கி அடிச்சு, அதுல ஸ்க்ரூ முடுக்குவாங்க. எதுவா இருந்தாலும், விரியுற பகுதி கெட்டியான இடத்துல இருக்கணும். பூச்சுல விரிஞ்சா பூச்சே உடையும். ரெண்டாவது தடவை 10 எம்எம் தடிமன், 80 எம்எம் நீள பிளக் போட்டோம். 25 போனாலும் 50-க்கு மேல செங்கல்லுக்குள்ள.

உங்க சுவர் எதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். டிரில் பண்ணும்போது வர்ற தூளே சொல்லும். முதல்ல சாம்பல் நிறம், அது பூச்சு. அப்புறம் சிவப்பா வந்தா செங்கல். எந்த ஆழத்துல நிறம் மாறுதோ, அதுதான் பூச்சோட தடிமன். சாம்பலாவே வந்து திடீர்னு பிட் ‘பொசுக்’னு உள்ள போனா, ஹாலோ பிளாக். அங்க ஹேமர் மோடை அணைச்சிடுங்க, உள் சுவர் உடையும். சாதா பிளக்கும் நிக்காது. பின்பக்கம் மடங்கி விரியுற வகையைக் கேட்டு வாங்கணும். அப்பவும் கனமானதைத் தொங்கவிடாம, தரையில நிக்கிற ரேக் வைக்கிறதுதான் நிம்மதி.

திருமயம் பக்கம் ராயவரம், கடியாபட்டி மாதிரி ஊர்கள்ல பழைய நகரத்தார் வீடுகளைப் பார்த்திருப்பீங்க. கனத்த சுவர், அதுக்குள்ளயே அலமாரி. எடை நேரா சுவர் வழியாத் தரைக்கு இறங்குது, பிடுங்குற வேலையே இல்ல. நம்ம வீட்டு நாலரை அங்குலச் சுவத்துல அதைப் பண்ண முடியாது. ஆனா அந்த யோசனையை எடுத்துக்கலாம்: கனம் தரைக்கு, இலகு சுவத்துக்கு.

எந்தப் பலகை?

கடப்பா கல்: நாலு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலத் தடிமன் கல்லே சுமார் 25 கிலோ வரும். மேடைக்குக் கீழ, ரெண்டு பக்கமும் தாங்கல் குடுத்து வைக்க அருமை. பிராக்கெட்ல வைக்க வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் வகை, அதனால புளித்தண்ணி, எலுமிச்சை சிந்தினா உடனே துடைங்க. அமிலம் கல்லை அரிச்சுத் தழும்பாக்கும்.

பிளைவுட்: அதே அளவுல 18 எம்எம் பலகை நாலரை கிலோதான். அடுப்படிக்குத் தண்ணி தாங்குற வகை வேணும். மரைன் பிளைக்கு ஐஎஸ் 710 முத்திரை இருக்கும். வெட்டின விளிம்பை அப்படியே விடாதீங்க, ஈரம் அது வழியாத்தான் நுழையும்.

எவர்சில்வர் ரேக்: கடையில காந்தம் வச்சுக் காட்டி “ஒட்டல பாருங்க, 304”னு சொன்னா நம்பிடாதீங்க. 202-லயும் பொதுவா காந்தம் ஒட்டாது. 304-ல நிக்கல் அதிகம், துரு தாங்கும். பில்லுல கிரேடை எழுதி வாங்குங்க.

மாட்டுற அன்னைக்கு

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் டிரில் பண்ணாதீங்க, ஒயர் அந்த வழியாத்தான் போகும். குழாய்க்கு நேர் கோடும் அப்படித்தான். எம்சிபியை அணைச்சிட்டு, வேற ரூம்ல இருந்து கரண்ட் இழுத்துக்கோங்க. கண்ணாடி போட்டுக்கோங்க.

ரசமட்டம் வச்சுக் கோடு போடுங்க. மேடையை அளவா வச்சுப் போடாதீங்க, மேடையே சாய்வா இருக்கலாம். எங்களது அரை அங்குலம் சாய்வு. முதல்ல ஒரு பிராக்கெட், அப்புறம் மட்டம் பார்த்து கடைசி பிராக்கெட், அப்புறம் நடு. ஓட்டையில இருக்கிற தூளை ஊதி எடுத்துட்டு பிளக்கை அடிங்க. தூள் இருந்தா பிடி தளரும். செங்கல்லுக்கு நடுவுல ஓட்டை வரணும், ரெண்டு செங்கல்லுக்கு இடையில இருக்கிற கலவையில வரக் கூடாது. பிளக் கையாலயே சுத்துதுன்னா அந்த ஓட்டையை விட்டுடுங்க, தள்ளிப் போடுங்க.

கடைசியா டெஸ்டிங். கோட் எழுதினா டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ண மாட்டோம், முதல் ஷெல்ஃபை மட்டும் நேரா ரிலீஸ் பண்ணிட்டேன். இந்தத் தடவை ரெண்டு லிட்டர் பாட்டில் இருபதுல தண்ணி பிடிச்சு அடுக்கினேன். 40 கிலோ, நினைச்ச எடைக்கு ரெண்டு மடங்கு. பிராக்கெட்டுக்கும் சுவத்துக்கும் சேர்த்துப் பென்சிலால ஒரு கோடு போட்டேன், நகர்ந்தா தெரியும். ராத்திரி முழுக்க அடுப்படிப் பக்கம் யாரையும் விடல. காலையில கோடு அப்படியே இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் அம்மா டப்பாக்களை அடுக்கினாங்க. நான் போட்ட பட்டியல்படி இல்ல. டீத்தூளை நான் சொன்ன இடத்துல இருந்து எடுத்து இடது ஓரத்துல வச்சாங்க. “இந்தக் கை கரண்டி பிடிக்கும்டா, அந்தக் கைதானே டப்பா எடுக்கும்?” மூணு நாள் கோடு போட்டும் எனக்கு அது தெரியல. ஸ்டூல் இப்போ வாசல்ல கிடக்கு, அப்பா பேப்பர் படிக்க.

அடுத்த தடவை ஊருக்குப் போனா, போனைப் பாக்கெட்ல வச்சுட்டு, அடுப்படியில நிக்கிறவங்க கையில ஒரு டப்பாவைக் குடுத்து, சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு மேல எத்தனை டப்பா இருக்குன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.